‘சத்து மாத்திரை’ என்று சொல்லிக் கொடுத்த ஒன்பது நாட்கள்

பதினைந்து வயது மகளைப் பற்றி ஒரு தாய் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, அதன் சாரத்தை முதலில் தருகிறேன்.

மகள் சிறு வயதிலிருந்தே சாது. வகுப்பில் சத்தம் போட்டதில்லை, யாரோடும் சண்டையிட்டதில்லை. ஆனால் பெயரை மூன்றாவது முறை கூப்பிடும்போதுதான் திரும்புவாள். ஒரே பருவத்தில் மூன்று தண்ணீர் பாட்டில்களையும் ஒரு மழைக்கோட்டையும் தொலைத்திருக்கிறாள். கீழ் வகுப்புகளில் மதிப்பெண்கள் நன்றாகவே இருந்தன. கடந்த இரண்டு வருடங்களாகச் சரிந்துகொண்டே வருகின்றன. கணக்குத் தேர்வுத் தாளின் நகலைக் கடிதத்தோடு இணைத்திருக்கிறார். ஒரு கணக்கில் முறை முழுக்கச் சரி, நான்காவது வரியில் கழித்தல் குறி கூட்டல் குறியாகிவிட்டது. தாளைத் திருப்பினால் மேலே ஒரு கேள்வி வெறுமையாக இருக்கிறது. விடை தெரியாமல் விட்டதில்லையாம், கண்ணில் படவே இல்லையாம்.

ஒரு மனநல மருத்துவர் இருபது நிமிடம் பேசிவிட்டு, இது ஏ.டி.எச்.டி. என்னும் கவனக்குறைபாடு என்று சொல்லி மெத்தில்பெனிடேட் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். “நான்கு மணி நேரம் அசையாமல் படம் வரைகிறவளுக்குக் கவனக்குறைபாடா? சோம்பேறித்தனத்துக்கு ஒரு பெயர்” என்கிறார் கணவர். “வளர்ந்தால் சரியாகிவிடும்” என்கிறார் மாமியார். இணையத்தில் தேடிய இவருக்கோ, மூளையில் டோபமைன் என்னும் வேதிப்பொருள் குறைந்திருக்கிறது என்று கிடைத்தது. டோபமைனைக் கூட்டும் என்று விளம்பரம் செய்யப்பட்ட ஒரு பொடியை வாங்கி இரண்டு மாதம் கொடுத்திருக்கிறார். பிறகு மருத்துவர் தந்த மாத்திரையை, ‘சத்து மாத்திரை’ என்று சொல்லி ஒன்பது நாள் கொடுத்திருக்கிறார். மகள் மதியம் சாப்பிடுவதை விட்டாள், நெஞ்சு படபடக்கிறது என்றாள், மாலையில் பொம்மை போல உட்கார்ந்திருந்தாள். பயந்துபோய் நிறுத்திவிட்டார். பாட்டிலை எடுத்து வைக்கும்போது எண்ணிப் பார்த்தால் இரண்டு மாத்திரைகள் குறைந்தன. கல்லூரியில் படிக்கும் மூத்த மகன், தேர்வுக்கு முந்தைய இரவுகளில் விழித்துப் படிக்க எடுத்துக்கொண்டதாக ஒப்புக்கொண்டான்.

அவருடைய கேள்விகள் மூன்று. டோபமைன் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று எந்தப் பரிசோதனையில் தெரியும்? மாத்திரைக்கு அடிமையாகிவிடுவாளா? மாத்திரையே இல்லாமல் சரிசெய்ய முடியாதா? கடிதத்தின் கடைசியில், மகளின் நோட்டில் பார்த்ததாக இரண்டு வரிகள்: “என் தலையில் ஏதோ கெட்டுப்போயிருக்கிறது. நான் எதற்கும் லாயக்கில்லை.”

அன்புள்ள சகோதரிக்கு,

கேள்விக்குறி போடாமல் கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, அதிலிருந்து தொடங்குகிறேன். மற்றவை ஒரு வாரம் காத்திருக்கலாம். அந்த இரண்டு வரிகள் காத்திருக்கக் கூடாது.

இன்றைக்கே அவளோடு தனியாக உட்காருங்கள். நோட்டைப் பார்த்ததை மறைக்க வேண்டாம். “நீ எழுதியிருந்ததைப் படித்தேன். வாழவே வேண்டாம் என்று எப்போதாவது தோன்றியிருக்கிறதா?” என்று அதே சொற்களில் கேளுங்கள். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்ததாகிவிடுமோ என்று பெற்றோர் பயப்படுவது எனக்குத் தெரியும். அப்படி ஆவதில்லை; இது ஆராய்ந்து பார்க்கப்பட்ட விஷயம். கேட்டதும் அழுதுவிட்டு நிம்மதியாகத் தூங்கிய பிள்ளைகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ‘ஆமாம்’ என்றால் அவளைத் தனியே விடாமல் அன்றே மருத்துவரிடமோ அவசர சிகிச்சைப் பிரிவுக்கோ அழைத்துச் செல்லுங்கள். ‘இல்லை’ என்றாலும், அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது முதல் வாக்கியமாக இதைச் சொல்லுங்கள். கவனக்குறைபாடு கண்டுகொள்ளப்படாமல் போன வளரிளம் பெண்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் சேர்ந்தே வருவது சாதாரணம். வருடக்கணக்கில் ‘கவனமில்லை, பொறுப்பில்லை’ என்றே கேட்டு வளரும் பிள்ளை, அதைத் தன் பெயரைப் போல நம்பத் தொடங்கிவிடுகிறது.

ரத்தத்தில் தேடினால் கிடைக்காது

உங்கள் முதல் கேள்விக்கு நேரான பதில்: எந்தப் பரிசோதனையிலும் தெரியாது. ரத்தத்திலும் டோபமைன் உண்டு, அதை அளக்கவும் முடியும். ஆனால் அது பெரும்பாலும் மூளைக்கு வெளியே உண்டானது. ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையே ஒரு தடுப்பு இருக்கிறது; டோபமைன் அதைத் தாண்டாது. ஆகவே ரத்தத்தில் வரும் எண்ணை வைத்து மூளையில் நடப்பதைச் சொல்வது, தெருவில் கிடக்கும் காகிதங்களை எண்ணி வீட்டுக்குள் இருக்கும் புத்தகங்களைக் கணக்கிடுவதைப் போன்றது.

மூளை ஸ்கேனும் அப்படித்தான். நூற்றுக்கணக்கானவர்களின் படங்களைச் சேர்த்துச் சராசரி பார்த்தால் வேறுபாடுகள் தெரிகின்றன. ஒரே ஒரு பிள்ளையின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு இருக்கிறது, இல்லை என்று சொல்ல முடியாது. வண்ண வண்ணமாக மூளைப் படம் எடுத்துக் கொடுத்து ‘இதோ உங்கள் மகளின் கவனக்குறைபாடு’ என்று யாராவது சொன்னால், பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரும்பி வந்துவிடுங்கள்.

அந்தப் பொடியைப் பற்றி. அதில் டைரோசின் என்ற அமினோ அமிலம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். உடல் டைரோசினிலிருந்துதான் டோபமைனைச் செய்கிறது என்பது உண்மை. விளம்பரக்காரர்கள் அந்த உண்மையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த உற்பத்தியின் வேகத்தை நிர்ணயிப்பது ஒரு நொதி. சாதாரணமாகச் சாப்பிடும் பிள்ளைக்கு அந்த நொதிக்கு வேண்டிய டைரோசின் ஏற்கெனவே இருக்கும். மூலப்பொருளை மேலும் மேலும் கொட்டுவதால் ஆலை வேகமாக ஓடாது. பொடியை நிறுத்திவிடுங்கள். ஆனால் டப்பாவைத் தூக்கி எறியாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். இத்தகைய பொடிகளில் காபீனும் கலந்திருப்பதுண்டு. அந்த ஒன்பது நாட்களில் இரண்டும் சேர்ந்து உள்ளே போயிருந்தால் படபடப்புக்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

தொட்டியில் நீர் வற்றியதல்ல

‘டோபமைன் குறைவு’ என்ற சொற்றொடரையே கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். தலைக்குள் ஒரு தொட்டி இருப்பது போலவும், அதில் மட்டம் இறங்கிவிட்டது போலவும், ஊற்றினால் நிரம்பிவிடும் என்பது போலவும் அது நினைக்க வைக்கிறது. மூளை அப்படி வேலை செய்வதில்லை.

நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதிதான் திட்டமிடுவது, மனத்தில் ஒன்றைப் பிடித்து வைத்துக்கொண்டு அடுத்ததைச் செய்வது, குறுக்கே வருவதைத் தள்ளுவது ஆகிய வேலைகளைப் பார்க்கிறது. நான்காவது வரி எழுதும்போது மூன்றாவது வரியின் கழித்தல் குறியை நினைவில் வைத்திருக்க வேண்டியதும் அதுதான். அங்கே இரண்டு வேதிப்பொருள்கள் முக்கியம். நார்அட்ரினலின், வேண்டிய செய்தியை உரக்கக் கேட்கச் செய்கிறது. டோபமைன், வேண்டாத சலசலப்பை அடக்குகிறது. ஏ.டி.எச்.டி. உள்ளவர்களிடம் இந்த இரண்டும் வேண்டிய இடத்தில், வேண்டிய நேரத்தில், வேண்டிய அளவுக்குச் செயல்படுவதில் தடுமாற்றம் இருக்கிறது என்பதுதான் இன்றைய புரிதல். இந்தச் சித்திரமும் முழுமையானதல்ல. பல மரபணுக்கள், மூளையின் பல வலைப்பின்னல்கள் இதில் சேர்ந்திருக்கின்றன.

இங்கே பெரும்பாலான பெற்றோருக்கு யாரும் சொல்லாத ஒன்று உண்டு. இந்த வேதிப்பொருள்கள் குறைந்தாலும் கவனம் சிதறும், மிஞ்சினாலும் சிதறும். நடுவே ஒரு குறுகிய அளவில்தான் நெற்றிப்பகுதி நன்றாக வேலை செய்கிறது. மிஞ்சுவது எப்போது? பயத்தில். கடுமையான அச்சத்தின்போது அவை பெருக்கெடுத்து, நெற்றிப்பகுதியின் பிடியைத் தளர்த்திவிடுகின்றன. தேர்வுக்கு முந்தைய இரவு கணவர் நோட்டை விசிறி எறிந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அவர் மாத்திரை வேண்டாம் என்கிறார். ஆனால் அந்த இரவு அவர் கொடுத்ததும் மூளை வேதியியலில் ஒரு தலையீடுதான்; அளவு தெரியாமல், படிக்கிற நேரம் பார்த்துக் கொடுக்கப்பட்டது.

மாமியார் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. 2007-இல் அமெரிக்கத் தேசிய மனநல ஆய்வு நிறுவனத்தில் பிலிப் ஷாவும் அவருடைய குழுவினரும், ஏ.டி.எச்.டி. உள்ள 223 பிள்ளைகளின் மூளைப் படங்களை, அது இல்லாத 223 பிள்ளைகளின் படங்களோடு ஒப்பிட்டார்கள். மூளையின் மேற்பட்டையில் பாதிப் பகுதி தன் உச்சத் தடிமனை எட்டும் வயது மற்றவர்களுக்கு ஏழரை, இவர்களுக்குப் பத்தரை. வளர்ச்சியின் வழி ஒன்றேதான், வந்து சேர்வதுதான் தாமதம். தாமதம் அதிகமாகத் தெரிந்தது நெற்றிப்பகுதியில். அசைவுகளை ஆளும் பகுதி மட்டும் இவர்களிடம் சற்று முன்னதாகவே முதிர்ந்திருந்தது. ஓடத் துடிக்கும் கால்களும் நிறுத்தத் தெரியாத தலையும் ஒரே குழந்தையிடம் இருப்பதற்கு இது ஒரு விளக்கம்.

ஆகவே வளர வளரச் சில விஷயங்கள் சீராகும். குறிப்பாகத் துறுதுறுப்பு குறையும். ஆனால் கவனச் சிதறலும் நேரத்தைக் கணிக்க முடியாத தடுமாற்றமும் பலருக்கு நடுவயது வரை கூடவே வருகின்றன. ‘சரியாகிவிடும்’ என்று காத்திருக்கும் வருடங்களில்தான் அந்த நோட்டு வரிகள் எழுதப்படுகின்றன.

படம் வரையும்போது எங்கிருந்து வருகிறது கவனம்?

கணவரின் கேள்வி நியாயமானது. நல்ல மருத்துவர்கள்கூட ஒரு காலத்தில் இதே கேள்வியில் தடுக்கி விழுந்திருக்கிறார்கள். ‘கவனக்குறைபாடு’ என்ற பெயர்தான் குற்றவாளி. இவர்களிடம் கவனம் குறைவாக இல்லை. அதை வேண்டிய இடத்தில் கொண்டுபோய் வைக்கும் கட்டுப்பாடுதான் தளர்ந்திருக்கிறது.

படம் வரையும்போது ஒவ்வொரு கோட்டுக்கும் பலன் அப்போதே தாளில் தெரிகிறது. பென்சிலை அழுத்தினால் நிழல் விழுகிறது. பிடிக்கவில்லை என்றால் அழித்துவிட்டு மறுபடியும் போடலாம். டோபமைன், பலனையும் பலனுக்கான எதிர்பார்ப்பையும் மூளைக்குச் சொல்லும் பொருளும்கூட. கணக்குப் பாடத்தின் பலன் மூன்று வாரம் கழித்துத் திருத்திய தாளாக வருகிறது. மற்றப் பிள்ளைகளின் மூளை அந்த மூன்று வாரத் தொலைவைத் தாண்டி இன்றைய உழைப்புக்கு ஊக்கம் கொடுத்துவிடும். உங்கள் மகளின் மூளைக்கு அது எட்டாத தூரம். நான்கு மணி நேரம் வரைவது நோய் இல்லை என்பதற்கு ஆதாரமல்ல. மூன்று முறை கூப்பிட்டும் திரும்பாமல் வரைகிறாள் என்றால், விலக வேண்டிய நேரத்தில் விலக முடியவில்லை என்பதும் இதே தளர்ச்சியின் இன்னொரு முகமாக இருக்கலாம்.

‘எங்கள் காலத்தில் இப்படியெல்லாம் இல்லை’ என்றும் கணவர் சொன்னாராம். இருந்தது. 1798-லேயே அலெக்சாண்டர் கிரிச்டன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், எதிலும் நிலைக்காத கவனத்தைப் பற்றியும் அது பிறவியிலேயே வரக்கூடும் என்பதைப் பற்றியும் எழுதி வைத்திருக்கிறார். பெயர்தான் புதிது.

போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரி என்னைச் சிரிக்க வைத்தது. சாவியைத் தேடாமல் கணவர் ஒரு நாள்கூட வீட்டை விட்டுக் கிளம்பியதில்லை என்கிறீர்கள். இதை வைத்து அவருக்கு நோய்ப்பெயர் சூட்ட மாட்டேன். ஆனால் இரட்டையர்களிடம் நடந்த ஆய்வுகளின்படி, ஏ.டி.எச்.டி.யில் மனிதருக்கு மனிதர் இருக்கும் வேறுபாட்டில் 70 முதல் 80 சதவீதம் வரை மரபு சார்ந்தது. மகளைத் திட்டும் தந்தைகளில் சிலர், என் அறையில் அவளுடைய அறிகுறிகளைக் கேட்கக் கேட்க மெல்ல அமைதியாகிவிடுவார்கள். அடுத்த முறை அவரையும் அழைத்துச் செல்லுங்கள்.

இருபது நிமிடம் போதாது

அந்த மருத்துவர் சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனால் முடிவுக்கு வந்த வழி அவசரமானது. மனநலக் கோளாறுகளைக் கண்டறிய மருத்துவர்கள் பயன்படுத்தும், 2013-இல் வெளியான டி.எஸ்.எம்.-5 என்ற கையேட்டின்படி, கவனச் சிதறலுக்கான ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஆறு, ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். 17 வயதைத் தொட்டவர்களுக்கு ஐந்து போதும். சில அறிகுறிகளாவது 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். வாழ்க்கையைப் பாதிக்க வேண்டும். வேறொன்றால் விளக்க முடியாததாகவும் இருக்க வேண்டும்.

இந்த ‘வேறொன்று’தான் இருபது நிமிடத்தில் அடங்காதது. ரத்தசோகை, தைராய்டு கோளாறு, தூக்கத்தில் மூச்சுத் தடை, காது கேட்பதில் குறை, எழுத்தையோ எண்ணையோ கையாள்வதில் தனியான கற்றல் சிரமம், மனச்சோர்வு, போதைப்பழக்கம், வீட்டில் நடக்கும் சண்டை என எதுவும் கவனத்தைக் கெடுக்கும். சில நொடிகள் மட்டும் வெறித்துப் பார்த்து, அந்த நேரத்தில் நடந்தது எதுவும் நினைவில்லாமல் போகும் ஒருவகை வலிப்பும் உண்டு. அது ‘ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்’ என்றே பள்ளியில் எழுதப்படும். தோளைத் தொட்டால் திரும்புகிறாளா என்று கவனியுங்கள். கனவில் ஆழ்ந்திருக்கும் பிள்ளை தொட்டால் திரும்பும். வலிப்பில் இருக்கும் பிள்ளை, அது முடியும் வரை திரும்பாது.

அவள் பெண் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மேசை மேல் ஏறிக் குதிக்கும் பையனை ஆசிரியர் மருத்துவரிடம் அனுப்பிவிடுவார். யாருக்கும் தொந்தரவு தராமல் கடைசி வரிசையில் காணாமல் போகும் பெண்ணை யாரும் அனுப்புவதில்லை. கீழ் வகுப்புகளில் புத்திக்கூர்மை ஈடுகொடுத்துவிடும். பாடங்கள் பெருகி, தானே திட்டமிட்டுப் படிக்க வேண்டிய வயதில் அது போதாமல் போகிறது. ‘இரண்டு வருடமாகத்தான் இப்படி’ என்று உங்களுக்குத் தோன்றுவது இதனாலும் இருக்கலாம். ஆனால் பன்னிரண்டு வயது வரை எல்லாம் உண்மையிலேயே சரியாக இருந்தது என்றால், மனச்சோர்வைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இதைப் பிரித்துப் பார்க்காமல் மாத்திரையை மறுபடி தொடங்க வேண்டாம்.

அந்த ஒன்பது நாட்கள்

முதலில் மருந்தைப் பற்றி. மெத்தில்பெனிடேட் நேற்று வந்ததல்ல; 1944-இல் முதன்முதலாகத் தயாரிக்கப்பட்டது, 1950-களில் விற்பனைக்கு வந்தது. வெளியான டோபமைனும் நார்அட்ரினலினும் உடனே திரும்ப உறிஞ்சப்படுவதைத் தடுத்து, அவை நரம்புகளுக்கிடையே சற்று நேரம் கூடுதலாக நிற்கும்படி செய்கிறது. சாதாரண மாத்திரை மூன்று, நான்கு மணி நேரம் வேலை செய்யும். மெதுவாகக் கரையும் வகைகள் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் வரை. பார்வை மங்கியவருக்குக் கண்ணாடி போல என்று பலர் இதைச் சொல்வார்கள். எனக்கு அந்த உவமை பிடிக்காது. கண்ணாடி பசியைக் குறைப்பதில்லை.

பசி குறைவது, தூக்கம் தள்ளிப்போவது, இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் சற்றே கூடுவது ஆகியவை இம்மருந்தின் அறிந்த விளைவுகள். காலையில் மாத்திரைக்கு முன் வயிறு நிறையச் சாப்பிடுவதும், மருந்தின் வேகம் தணிந்த பிறகு இரவில் நன்றாகச் சாப்பிடுவதும் மதியக் குறையை ஓரளவு ஈடுகட்டும். வளரும் வயது என்பதால் உயரம், எடை, நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் நான்கையும் தவறாமல் குறித்து வர வேண்டும். குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்திருந்தாலோ, அவள் ஓடும்போது மயங்கி விழுந்திருந்தாலோ, மறுபடி தொடங்கும் முன் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். பொம்மை போல உட்கார்ந்திருந்ததாக எழுதியிருக்கிறீர்களே, அது பெரும்பாலும் அளவு அதிகம் என்பதன் அடையாளம். மருந்து இறங்கும் நேரத்துச் சோர்வாகவும் இருக்கலாம். சரியான அளவில் பிள்ளை தன் குணத்தோடுதான் இருக்க வேண்டும். குறைந்த அளவில் தொடங்கி, வாரம் வாரம் பார்த்து ஏற்றுவதுதான் முறை. ஒன்பது நாளில் நிறுத்தியதால் கெடுதல் எதுவும் வந்திராது, கவலை வேண்டாம்.

அடிமையாவாளா என்ற பயத்துக்கு: வாய்வழியாக, சொன்ன அளவில் எடுக்கும்போது மருந்து மூளையில் மெதுவாகத்தான் ஏறுகிறது, போதை தரும் வேகம் அதில் இல்லை. இளவயதில் இம்மருந்தை முறையாக எடுத்தவர்கள் பிற்காலத்தில் போதைப்பழக்கத்தில் அதிகம் விழுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. மெத்தில்பெனிடேட் ஒத்துவராவிட்டால் அட்டமாக்செட்டின் என்ற வேறு வகையும் உண்டு. அதன் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். இளம் வயதினரில் சிலருக்கு அது தற்கொலை எண்ணங்களைத் தூண்டக்கூடும் என்ற எச்சரிக்கையும் இருப்பதால், நோட்டில் கண்ட வரிகளை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்வது இங்கே இன்னும் முக்கியமாகிறது.

இனி நான் சொல்லப்போவது உங்களுக்குக் கொஞ்சம் வலிக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். மருந்தைச் ‘சத்து மாத்திரை’ என்று சொல்லிக் கொடுத்தது தவறு. பிள்ளை மனம் நோகக் கூடாது என்றுதான் செய்தீர்கள், சந்தேகமில்லை. ஆனால் அந்த ஒன்பது நாட்களை அவள் பக்கத்திலிருந்து பாருங்கள். நெஞ்சு படபடக்கிறது, ஏன் என்று தெரியவில்லை. பசிக்கவில்லை, தோழிகளோடு சிரிக்கத் தோன்றவில்லை, ஏன் என்று தெரியவில்லை. தன் தலையில் ஏதோ கெட்டுப்போயிருக்கிறது என்று ஏற்கெனவே நினைக்கும் ஒரு பெண்ணுக்கு, அது இப்போது உடம்புக்கும் பரவுகிறது என்றே தோன்றியிருக்கும். அவளுக்கு விவரம் தெரிந்திருந்தால் மூன்றாம் நாளே “அம்மா, இது எனக்குச் சேரவில்லை” என்று சொல்லியிருப்பாள். மருத்துவர் அளவைக் குறைத்திருப்பார். பதினைந்து வயதில் சிகிச்சைக்கு அவளுடைய சம்மதமும் வேண்டும். இது மரியாதைக்கு மட்டுமான பேச்சல்ல. உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி அவள்தான்.

அண்ணன் எடுத்த இரண்டு

மூத்தவனைத் திட்டித் தீர்த்திருப்பீர்கள். நான் அதைத் தொடரப் போவதில்லை. அவனிடம் இரண்டு செய்திகளை மட்டும் சொல்லுங்கள். 2023-இல் வெளியான ஓர் ஆய்வில், ஏ.டி.எச்.டி. இல்லாத 40 பேருக்கு இத்தகைய மருந்துகளைக் கொடுத்து, சிக்கலான கணக்குப் புதிர்களைத் தீர்க்கச் சொன்னார்கள். மருந்து எடுத்தபோது அவர்கள் அதிக நேரம், அதிக முனைப்போடு உழைத்தார்கள். உழைப்பின் தரம் குறைந்தது. அதாவது, நன்றாகப் படித்தோம் என்ற நினைப்பைத் தரும் மருந்து அது, அவனைப் போன்றவர்களுக்கு. இரண்டாவது, பெரும்பாலான நாடுகளில் இது கட்டுப்படுத்தப்பட்ட மருந்துப் பட்டியலில் இருக்கிறது. ஒருவருக்கு எழுதியதை இன்னொருவர் பயன்படுத்துவதும் கைமாற்றுவதும் குற்றமாகும். விடுதி நண்பர்கள் கேட்கத் தொடங்கினால் விஷயம் வீட்டோடு நிற்காது. மாத்திரையைப் பூட்டி வையுங்கள், எண்ணிக்கையை எழுதி வையுங்கள்.

மாத்திரை இல்லாமல் முடியாதா?

அறிகுறிகள் லேசாக இருந்தால் முடியும். நடுத்தரம், கடுமை என்றால் மருந்தோடு சேர்த்துச் செய்வதே பலன் தருகிறது. 1999-இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில் 579 சிறுவர் சிறுமியரை 14 மாதம் கவனித்தார்கள். முறையாக அளவு சரிசெய்து, மாதந்தோறும் பார்த்துக் கொடுக்கப்பட்ட மருந்து, நடத்தைப் பயிற்சியை மட்டும் தந்ததைவிட அறிகுறிகளை நன்றாகக் குறைத்தது. ஆனால் மூன்றாம் ஆண்டில் பார்த்தபோது குழுக்களிடையே அந்த வித்தியாசம் இல்லை. மருந்து இன்றைக்கு உதவுகிறது. வாழ்க்கையைத் தானே திருத்தி எழுதிவிடுவதில்லை.

நீங்கள் வீட்டில் செய்யக்கூடியவற்றில் தூக்கத்தைத்தான் முதலில் வைப்பேன். இந்த வயதில் எட்டு முதல் பத்து மணி நேரம் வேண்டும். பருவ வயதில் தூக்கத்துக்கான மெலடோனின் என்ற ஹார்மோன் இரவில் தாமதமாகவே சுரக்கத் தொடங்குவதால், சீக்கிரம் தூங்கு என்று சொன்னால் மட்டும் தூக்கம் வராது. கைப்பேசி இரவில் வேறொரு அறையில் இருக்கட்டும்; உங்களுடையதும்தான். அடுத்து, நேரம் அவள் கண்ணில் பட வேண்டும். முள் நகரும் கடிகாரம் ஒன்றை மேசையில் எதிரே வையுங்கள். ‘மாலைக்குள் படித்து முடி’ என்பது அவளுக்கு வெறும் ஓசை. ‘முள் ஆறைத் தொடும் வரை இந்த மூன்று கணக்கு’ என்பது வேலை. ஒரே மூச்சில் நான்கு கட்டளைகள் வேண்டாம்.

கணக்குத் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். கணக்கைத் தொடங்கும் முன் எல்லாக் குறிகளையும் வண்ணப் பேனாவால் வட்டமிடச் சொல்லுங்கள். தேர்வில் எழுதி முடித்ததும் தாளின் ஒவ்வொரு பக்கத்தின் மேலும் விரலை வைத்து, விடுபட்ட எண் உண்டா என்று பார்க்கப் பழக்குங்கள். சின்ன வேலைதான், மனத்தில் நிற்காததைத் தாளில் நிறுத்தி வைக்கிறது. பள்ளியிடம் முன்வரிசை இருக்கையும், வீட்டுப்பாடத்தை எழுத்தில் தருவதையும் கேட்கலாம். முறையான சான்றிதழ் இருந்தால் தேர்வில் கூடுதல் நேரம் தரும் விதிகள் பல நாடுகளில் உண்டு. அதற்காகவும் மதிப்பீட்டை ஒழுங்காகச் செய்துகொள்வது நல்லது. படம் வரைவதை மட்டும் தண்டனையாகப் பறிக்காதீர்கள். ‘நான் லாயக்கில்லை’ என்ற வரிக்கு அவளிடம் இருக்கும் மறுப்பு இப்போது அது ஒன்றுதான்.

அவளிடம் சொல்ல வேண்டியது

மருத்துவரிடம் போகும் முன்பே சொல்லிவிடுங்கள். நீண்ட உரை வேண்டாம், அவளால் கேட்க முடியாது. “அந்த ஒன்பது நாள் உனக்கு நான் கொடுத்தது சத்து மாத்திரை இல்லை. கவனத்துக்கான மருந்து. உன்னிடம் சொல்லாமல் கொடுத்தது என் தப்பு. உனக்குப் படபடத்ததும் பசிக்காததும் அதனால்தான். உன் உடம்பில் வேறு எதுவும் கெடவில்லை.” இவ்வளவு போதும். கோபப்படுவாள். இரண்டு நாள் பேசாமல்கூட இருப்பாள். நியாயமான கோபம், இருந்துவிட்டுப் போகட்டும்.

மூளை கெட்டுப்போய்விட்டதா என்று கேட்டால், கெடவில்லை என்று உறுதியாகச் சொல்லலாம். சில பகுதிகள் மெதுவாக முதிர்கின்றன, அதுவரை சில வேலைகளுக்கு வெளியிலிருந்து கை கொடுக்க வேண்டும், அந்தக் கை எது என்பதை நாம் சேர்ந்து முடிவு செய்வோம் என்று சொல்லுங்கள். மருத்துவரிடம் அவள் பாதி நேரம் தனியாகப் பேசட்டும். நீங்கள் வெளியே உட்காருங்கள். கீழ் வகுப்பிலிருந்து இருக்கும் மதிப்பெண் அட்டைகளையெல்லாம் தேடி எடுத்துக்கொண்டு போங்கள். எண்களைவிட, ஓரத்தில் ஆசிரியர்கள் எழுதிய ஒற்றை வரிகள் எங்களுக்கு அதிகம் சொல்லும்.

மறுபடி மாத்திரை தொடங்குவது என்று முடிவானால், பாட்டிலை அவள் கையில் கொடுங்கள். சீட்டில் இருக்கும் பெயரை அவளே வாசிக்கட்டும்.